சவலில் சுட்ட மீனும் மூன்று ஓலையும்

முதலில் மன்னிப்பு. என் கையெழுத்து நன்றாக இருக்காது. நான்காம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அதற்குப் பிறகு கையில் அதிகம் பிடித்தது எஞ்சினுக்குக் கரி அள்ளுகிற சவல்தான். பேனாவையும் சவல் மாதிரியே பிடிக்கிறேன் என்று வீட்டில் சிரிக்கிறார்கள். சின்ன ர எங்கே வரும், பெரிய ற எங்கே வரும் என்பதில் எனக்கு எப்போதும் சந்தேகம். படிக்கிறவர்கள் மனசுக்குள் திருத்திக்கொள்ள வேண்டும்.

இன்னொரு மன்னிப்பும் பாக்கி இருக்கிறது. இது ஒரு புழுவைப் பற்றியது. சாப்பிட உட்காருகிறவர்கள் சாப்பிட்டுவிட்டு வந்து படிக்கவும்.

சுதந்திரம் வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. துறைமுகத்திலிருந்து சரக்கு ஏற்றிக்கொண்டு வடக்கே போகிற வண்டியில் நான் ஃபயர்மேன். முப்பத்திரண்டு வயது. அப்பா அம்மா இல்லை. ராயபுரத்தில் ஒரு சின்ன அறையில் தனியாக இருந்தேன். கூச்ச சுபாவம். டீக்கடையில் டீ ஆறிப்போயிருந்தாலும் சொல்லமாட்டேன், குடித்துவிட்டு வருவேன். எனக்கும் சேர்த்துப் பேசுகிற வேலையை என் டிரைவர் பார்த்துக்கொண்டார். வியாசர்பாடிக்காரர், நாற்பத்தைந்து வயது, பெரிய தொப்பை, அதைவிடப் பெரிய குரல். நான் அவரை நைனா என்றுதான் கூப்பிடுவேன்.

எண்ணூரைத் தாண்டி அத்திப்பட்டுக்கு முன்னால் ஓர் இடத்தில் எங்கள் வண்டியை ஓரமாக ஒதுக்கிவிடுவார்கள். மெயில் வண்டி போகிறவரைக்கும் காத்திருக்க வேண்டும். சில நாள் ஒரு மணி நேரம், சில நாள் மூன்று. தண்டவாளத்துக்கு மேற்கே ஒரு குட்டை உண்டு. நல்ல தண்ணீர். சுற்றிலும் ஆள் உயரத்துக்குக் கோரை. பங்குனி வெயிலில் தண்ணீர் வற்றிப்போய், விரால் மீன்கள் சேற்றில் முதுகு தெரியக் கிடக்கும். நைனா நீலக் கால்சட்டையைத் தொடைவரை சுருட்டிக்கொண்டு இறங்குவார். தூண்டில் கிடையாது, வலை கிடையாது. கையாலேயே பிடிப்பார். நழுவினால் மீனைத் திட்டுவார், பிடித்தாலும் திட்டுவார்.

எஞ்சின்காரர்களுக்கென்று ஒரு சமையல் இருக்கிறது. சவலை வெந்நீரில் கழுவி, எண்ணெய் தடவி, அதில் முட்டையை உடைத்து ஊற்றி அடுப்பு வாய்க்குள் நீட்ட வேண்டும். முப்பது எண்ணினால் முட்டை தயார். மீனுக்கும் நாங்கள் அதே முப்பதுதான் எண்ணினோம். விரால் தடித்த மீன். முப்பதில் தோல் கருகி வெடித்துவிடும், வாசனை ஊரைக் கூட்டும், உள்ளே மட்டும் சதை பச்சையாக, கண்ணாடி மாதிரி இருக்கும். அது இரண்டு பேருக்குமே தெரியும்.

"உள்ள கொஞ்சம் ஜில்லுனு கீதே நைனா" என்று ஒருதடவை சொன்னேன்.

"இரும்ப உருக்கற நெருப்புடா இது. இதுல காட்டினத எந்த வியாதி தொடும்? துன்னு" என்றார்.

எப்போதும் வால் பக்கம் அவருக்கு. தடித்த நடுத்துண்டு எனக்கு. நான் வேண்டாம் என்று தள்ளினாலும், "கரி போடற கைடா, சத்து வேணும்" என்று என் பக்கமே தள்ளிவிடுவார். அந்தப் பாசத்தை இன்றைக்கும் மறக்க முடியாது. பிறகு டாக்டரும் மறக்காதே என்றார், வேறு காரணத்துக்காக.

கோரைக்குள் ஒரு காட்டுப்பூனை இருந்தது. மஞ்சளும் சாம்பலும் கலந்த நிறம், நீளக் கால், காது நுனியில் கறுப்பு மயிர். எங்கள் வண்டி நின்றதும் வந்து, கடைசிப் பெட்டிக்குப் பின்னால் தள்ளி உட்கார்ந்துகொள்ளும். சரக்கு வண்டியில் கொடியோடு கடைசியில் வருகிற ஆள் கார்டு, அதனால் நைனா அதற்கும் கார்டு என்று பேர் வைத்திருந்தார். "கார்டுக்குக் குட்த்தியா?" என்று கேட்டு, மீன் தலையையும் குடலையும் அதன் பக்கம் எறியச் சொல்வார். கார்டு அதைத் தின்றுவிட்டு, குட்டைக்கரையிலேயே காலைக்கடனையும் முடித்துக்கொண்டு, மறுபடி உட்கார்ந்து எங்களைப் பார்க்கும்.

அது தபசு காலம். நாங்கள் கிறிஸ்தவர்கள், ஈஸ்டரான பாஸ்குத் திருநாள்வரைக்கும் நான் இறைச்சி தொடமாட்டேன். ஆகவே விராலை வழக்கத்தைவிட அதிகமாகவே தின்றேன்.

இதற்கு நடுவில் நைனா எனக்குப் பெண் பார்த்துவிட்டார். ராயபுரம் கடற்கரையில் மீன் விற்கிற ஓர் அம்மாளிடம் அவர் வாடிக்கை. புருஷனைக் கடலில் பறிகொடுத்தவர். ஒரே பெண். பெண் எங்கள் தெருவுக்கு நாலு தெரு தள்ளி ஒரு டாக்டருடைய டிஸ்பென்சரியில் வேலை செய்துகொண்டிருந்தாள். பாட்டில் கழுவுவது, களிம்பு அரைப்பது, கட்டுத்துணி சுருட்டுவது. நைனா ஆறு மாதம் சங்கரா மீன் வாங்கி வாங்கிப் பேசி முடித்தார். பெண்ணை நான் கோயிலில் தூரத்திலிருந்து பார்த்திருந்தேன். அவளும் பார்த்திருக்கலாம். ஒரு வார்த்தை பேசியதில்லை. வைகாசியில் கல்யாணம் என்று முடிவாயிற்று.

எங்கள் வழக்கத்தில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம் நடக்க இருக்கிறது, தடை ஏதாவது அறிந்தவர்கள் வந்து சொல்லுங்கள் என்று சாமியார் பூசைக்கு நடுவே படிப்பார். மூன்று ஞாயிறும் யாரும் வாய் திறக்காவிட்டால் கல்யாணம். ஒருத்தர் போய்ச் சொல்லிவிட்டால் நின்றுபோகும். என்னைப் போல் வாய் திறக்காத ஆளுக்கு மற்றவர்கள் வாய் திறக்காமல் இருக்கவேண்டும் என்ற ஏற்பாடு மிகவும் பிடித்திருந்தது.

முதல் ஓலைக்கு முந்தின நாள் என் வயிற்றின் வலது பக்கத்தில் ஒரு வீக்கம் வந்தது. எலுமிச்சம்பழம் அளவு. சிவந்து, இறுகி, நமைச்சல் தாங்கவில்லை. அதற்கு இரண்டு வாரம் முன்னால் காய்ச்சலும் வாந்தியும் வந்து போயிருந்தன. இரண்டையும் நான் சேர்த்து நினைக்கவில்லை. சூடு கட்டி என்று நினைத்து விளக்கெண்ணெய் தடவிக்கொண்டு, மறுநாள் கோயிலில் முதல் ஓலையைக் கேட்டேன். யாரும் பேசவில்லை. வெளியே வந்து சந்தோஷத்தில் ஒரு சோடா குடித்தேன்.

செவ்வாய்க்கிழமை வயிற்றைத் தடவிப் பார்த்தேன். வீக்கம் இல்லை. விளக்கெண்ணெய்க்கு நன்றி சொன்னேன். புதன்கிழமை அது விலா எலும்பின் மேல் இருந்தது. வியாழக்கிழமை இடது தோளுக்குக் கீழே, புஜத்தில்.

நைனாவிடம் சட்டையைக் கழற்றிக் காட்டினேன். கட்டை விரலால் அழுத்திப் பார்த்தார்.

"நேத்து எங்க இருந்திச்சு?"

"விலாவுல."

"அதுக்கு முன்னாடி?"

"வயித்துல."

"இன்னாடா இது, டிக்கெட் வாங்காம சுத்திகினு கீது" என்றார். கொஞ்ச நேரம் யோசித்தார். அப்புறம் கூடையிலிருந்து சணல் கயிறு எடுத்து வீக்கத்துக்கு மேலே ஒரு கட்டு, கீழே ஒரு கட்டு போட்டார். "ரெண்டு பக்கமும் கேட்டு சாத்திட்டேன். இனிமே எங்கப் போவும் பாக்கலாம்."

அன்றைக்கு முழுக்க அந்தக் கட்டோடு கரி போட்டேன். கை மரத்துப்போய் சவல் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. வெள்ளிக்கிழமை காலையில் கட்டை அவிழ்த்தால் நடுவில் ஒன்றும் இல்லை. வீக்கம் மேல் கேட்டைத் தாண்டி, தோள்பட்டைக்குப் பின்னால் போய் உட்கார்ந்திருந்தது.

நைனா தொப்பியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். "சிக்னல மதிக்கல பாரு, பேமானி" என்றார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பயமும் சிரிப்பும் சேர்ந்து வந்தால் எதை நிறுத்துவது என்று தெரியாது. இருவரும் எஞ்சினைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம்.

இரண்டாம் ஓலை அன்றைக்கு அது தோள்பட்டைக்கும் முதுகுக்கும் நடுவில், எந்தக் கை போட்டாலும் எட்டாத இடத்தில் இருந்தது. முழங்காலில் நிற்கிறேன். சாமியார் என் பேரைப் படிக்கிறார். படிக்கிற அந்த நேரம் பார்த்து நமைச்சல் எரிகிற மாதிரி எழும்பியது. பக்கத்தில் தூண். மெதுவாக நகர்ந்து முதுகைத் தூணில் வைத்துத் தேய்த்தேன். "தடை ஏதும் அறிந்தவர்கள்" என்று சாமியார் நிமிர்ந்து பார்க்கும்போது, மாப்பிள்ளையே தூணில் மாடு மாதிரி உரசிக்கொண்டிருந்தேன். பெண்கள் பக்கத்தில் முக்காடுகள் குலுங்கின. பெண்ணின் அம்மா மட்டும் குலுங்கவில்லை. நேராக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

செவ்வாய்க்கிழமை அது கழுத்துக்கு வந்தது. புதன்கிழமை எழுந்து கண்ணாடி பார்த்தால் இடது கன்னத்தில். பாதி முகம் என் முகம், பாதி முகம் வேறு யாரோ நன்றாகச் சாப்பிடுகிற ஆளுடைய முகம். துண்டைத் தலையோடு சுற்றிக் கட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பினேன். கடற்கரைப் பக்கம் போகாமல் சுற்றி வேறு வழியில் போனேன். அன்றைக்கென்று பெண்ணின் அம்மா மீன் கூடையோடு அந்தத் தெருவில் வந்தாள்.

"மாப்ளே, நில்லு. பல்லு வலியா?"

தலையை ஆட்டினேன். எந்தப் பக்கம் ஆட்டினேன் என்று எனக்கே தெரியாது.

கூடையை இறக்கி வைத்துவிட்டு, துண்டைப் பிடித்து இழுத்தாள். மீன் செதில் ஒட்டின விரலால் என் கன்னத்தைத் தொட்டாள். "போன ஞாயித்துக்கெழம முதுவ தூண்ல தேச்சிகினு இருந்த. இன்னிக்கி மூஞ்சி. சட்டையக் கழட்டு." தெருவில் வைத்துக் கழற்றச் சொன்னாள், கழற்றினேன். முதுகில் ஒன்றும் இல்லை. அதுதான் அவளை இன்னும் பயமுறுத்தியது. இருந்திருந்தால் கட்டி என்று விட்டிருப்பாள்.

குரலைத் தாழ்த்தினாள். அவள் குரலைத் தாழ்த்தி நான் கேட்டது அன்றைக்குத்தான் முதல் தடவை. "பாருப்பா. எனுக்கு இருக்கறது ஒரே பொண்ணு. இது பெரிய வியாதியோ இன்னாவோ, எனுக்குத் தெரியாது. வர்ற ஞாயித்துக்கெழம மூணாவது ஓலை. அதுக்குள்ள இது இன்னான்னு எனுக்குத் தெரியணும். தெரியலன்னா நானே சாமியாருகிட்ட போய் தடை சொல்லிடுவேன். அப்பால என்ன கோவிச்சிக்காத."

பெரிய வியாதி என்றால் எங்கள் பக்கத்தில் குஷ்டம். அவள் அந்தச் சொல்லைச் சொல்லவில்லை. கூடையைத் தூக்கித் தலையில் வைக்க நான்தான் கை கொடுத்தேன். வாங்கிக்கொண்டு போனாள்.

எஞ்சினில் ஏறி நைனாவிடம் சொன்னேன்.

"சாயங்காலம் டாக்டராண்ட போலாம்" என்றார்.

"எந்த டாக்டரு?"

"ராயபுரத்துல எத்தினி டாக்டரு உனுக்குத் தெரியும்?"

"அங்க அது வேல செய்யுது நைனா."

"எது?"

"அது."

நைனாவுக்கு அப்போதுதான் புரிந்தது. ஊதுகுழலை இழுத்து எஞ்சினைக் கத்தவிட்டார். "ரொம்ப நல்லதாப் போச்சு. கட்டிக்கப்போறவ தானே, சரக்க முன்னாடியே பாத்துக்கட்டும்" என்றார்.

சாயங்காலம் என் கையைப் பிடித்துத்தான் டிஸ்பென்சரிக்குள் இழுத்துக்கொண்டு போனார். அவள் மூலையில் பாட்டில் கழுவிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். நான் கன்னத்தைக் கையால் மூடிக்கொண்டேன். டாக்டர் யுத்தத்தின்போது பட்டாளத்தில் பர்மாவுக்கும் அப்புறம் சயாமுக்கும் போய் வந்தவர். கையை எடுக்கச் சொன்னார். பார்த்தார். எங்கெங்கே இருந்தது, எந்தெந்த நாள் என்று கேட்டார். நைனா ஸ்டேஷன் பேர் சொல்கிற மாதிரி வயிறு, விலா, புஜம், தோள், முதுகு, கழுத்து என்று ஒப்பித்தார்.

டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு என் எதிரில் உட்கார்ந்தார். "என்ன மீன் சாப்பிட்டாய்?"

நாங்கள் மீனைப் பற்றிப் பேசவே இல்லை.

"விராலு சார்" என்றார் நைனா மெதுவாக.

"எப்படிச் சமைத்தீர்கள்?"

"சவல்ல வெச்சி எஞ்சின் அடுப்புல காட்டினோம்."

"வெந்ததா?"

"எஞ்சின் நெருப்பு சார். இரும்பே உருகும்."

"மீன் உருகியதா?"

நைனா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். மூலையிலிருந்து ஒரு சின்னச் சிரிப்புச் சத்தம் வந்து நின்றது.

"மீன் பிடித்த இடத்தில் காட்டுப்பூனை உண்டா?"

"கார்டு கீறாரு சார்" என்றார் நைனா.

"கார்டா?"

அதை விளக்கி முடிக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. அப்புறம் டாக்டர் கையைத் தேய்த்துக்கொண்டே அறைக்குள் நடக்க ஆரம்பித்தார். வேட்டியும் ஸ்டெதாஸ்கோப்புமாக, லாட்டரி விழுந்தவர் மாதிரி இருந்தார். சயாமில் ஒரு சிப்பாயிடம் பார்த்ததற்கு அப்புறம் இன்றைக்குத்தான் பார்க்கிறேன் என்றார். அவர் சொன்னதை எனக்குப் புரிந்தபடி எழுதுகிறேன்.

உள்ளே இருப்பது ஒரு புழு. அதன் சொந்த வீடு காட்டுப்பூனையின் இரைப்பை. பூனை வெளிக்குப் போகும்போது அதன் முட்டை தண்ணீருக்குப் போகிறது. பொரிந்து வருகிற குஞ்சைக் கண்ணுக்குச் சரியாகத் தெரியாத ஒரு நீர்ப்பூச்சி தின்கிறது. பூச்சியை மீன் தின்கிறது. மீனைப் பூனை தின்றால் புழு வீடு போய்ச் சேர்ந்தது. நடுவில் நான் கையை நீட்டித் தின்றுவிட்டேன். நன்றாக வெந்திருந்தால் புழு செத்திருக்கும். வேகவில்லை. இப்போது அது எனக்குள் பூனையின் வயிற்றைத் தேடிக்கொண்டு தோலுக்கடியில் அலைகிறது. மனிதனுக்குள் அது வளராது, குட்டி போடாது, ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு ஒட்டவும் ஒட்டாது.

"பாயிண்ட் மாறி வேற லைன்ல பூந்துட்ச்சி" என்றார் நைனா.

"அதேதான்" என்றார் டாக்டர்.

எனக்கு அந்தப் புழுவின்மேல் கொஞ்சம் பரிதாபமாகக்கூட இருந்தது. அதற்கும் ஊர் தெரியாது, கேட்கவும் வாய் கிடையாது.

"இதுக்கு மருந்து இன்னா சார்?" என்றார் நைனா.

"இல்லை. தோலுக்குக் கிட்டே வரும்போது பிடித்து எடுக்க வேண்டும். தினமும் சாயங்காலம் வா. எங்கே இருக்கிறது என்று குறித்து வைப்போம்." மூலைப் பக்கம் திரும்பி, "அம்மா, அந்த ஊதா மருந்தை எடுத்துக்கொண்டு வா. நோட்டுப் புத்தகமும்" என்றார்.

அவள் வந்தாள். ஒரு குச்சியில் பஞ்சைச் சுற்றி, புண்ணுக்குத் தடவுகிற ஊதா மருந்தில் தோய்த்து, என் கன்னத்தில் வீக்கத்தைச் சுற்றி ஒரு வட்டம் போட்டாள். வட்டம் முடிகிற இடத்தில், "எங்க நமைக்குது?" என்று கேட்டாள்.

என்னோடு அவள் பேசின முதல் பேச்சு அதுதான். மற்றவர்களுக்கு முதல் பேச்சு என்னவாக இருக்குமோ தெரியாது. எனக்கு, எங்க நமைக்குது.

"எல்லா எடத்துலயும்" என்றேன். பொய் இல்லை.

மறுநாள் கன்னத்தில் ஊதா வட்டத்தோடு வேலைக்குப் போனேன். யார்டில் ஒருத்தர் பாக்கியில்லாமல் விசாரித்தார்கள். எனக்குக் கூச்சமே வரவில்லை. பூட்டு திறந்துவிட்ட மாதிரி இருந்தது. சாயங்காலம் எப்போது வரும் என்று கரி போட்டேன். அன்றைக்கு நீராவி அதிகமாகி, "டேய், எஞ்சினு பறந்துடப் போவுது, கொஞ்சம் அடங்கு" என்றார் நைனா.

வியாழக்கிழமை வீக்கம் கன்னத்திலிருந்து மேலே ஏறி, கண்ணுக்குக் கீழே வந்திருந்தது. டாக்டர் சிரிக்கவில்லை. கண்ணுக்குள் போனால் பார்வைக்கு ஆபத்து என்று நைனாவிடம் தனியாகச் சொன்னார், ஆனால் அறை சின்னது. அவள் வட்டம் போடும்போது குச்சி வழுக்கி, மருந்து என் மூக்கில் பட்டது. "சாரி" என்றாள். டாக்டரிடம் கற்றுக்கொண்டது போல. நோட்டில் வரைந்திருந்த ஆள் உருவத்திலும் அதே குச்சியால் வட்டம் போட்டுக்கொண்டே, தலையைத் தூக்காமல், "எங்கம்மா சொன்னத நெனச்சி பயப்படாதீங்க" என்றாள். "டாக்டரு சொன்னத நேத்தே சொல்லிட்டேன். நம்பல. கண்ணால பாக்காம எதையும் நம்பாது. மீனையே செவுளத் தூக்கிப் பாத்துதான் வாங்கும்."

"இதுக்கு செவுளு எங்க கீதுன்னு தெரியலியே" என்றேன்.

அவள் சிரித்துவிட்டாள். வாழ்க்கையில் நான் சொன்ன முதல் வேடிக்கைப் பேச்சு அது என்று நினைக்கிறேன். இரவு முழுக்க அதையே திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

ஆனால் விஷயம் அவள் சொன்னதுதான். சனிக்கிழமைக்குள் புழு வெளியே வந்து அவள் அம்மா கண்ணில் பட வேண்டும். இல்லாவிட்டால் மூன்றாம் ஓலையில் தடை.

வெள்ளிக்கிழமை அது இறங்கிக் கழுத்துக்கு வந்தது. எல்லோரும் மூச்சு விட்டோம். நோட்டில் மூன்றாவது வட்டம் குறித்தாள். சனிக்கிழமை மத்தியானம் எஞ்சினில் கரி அள்ளும்போது இடது முழங்கைக்குக் கீழே சுருக்கென்றது. பார்த்தால் வீக்கம் இல்லை. தோலில் ஒரு சிவப்புக் கோடு, வரப்பு மாதிரி மேடாக, விரல் நீளத்துக்கு வளைந்து வளைந்து போயிருந்தது. கோட்டின் நுனி நான் பார்க்கும்போதே துளி நகர்ந்தது.

"நைனா, தெரியுது" என்றேன்.

அன்றைக்கு எங்கள் வண்டி ராயபுரம் வந்து சேர்ந்த வேகத்தைப் பற்றி எழுத மாட்டேன். நைனா இன்னும் வேலையில் இருக்கிறார்.

டாக்டர் என் கையை மேஜைமேல் வைத்தார். ஜன்னல் வெளிச்சம் போதாது என்று அவள் டார்ச் விளக்கைப் பிடித்துக்கொண்டாள். நைனா என் இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டு, ஆடாதே ஆடாதே என்று தான் ஆடிக்கொண்டிருந்தார். கோட்டின் நுனிக்கு அரை விரற்கடை முன்னால் டாக்டர் கத்தி முனையால் லேசாகக் கீறினார். இடுக்கியை விட்டார். வெளியே எடுத்தபோது அதன் நுனியில் ஒரு வெள்ளை நூல், அரிசியைவிடக் கொஞ்சம் நீளம், தலையைத் தூக்கிக்கொண்டு நெளிந்தது.

"இம்மாத்துண்டா?" என்றார் நைனா. அவருக்கு ஏமாற்றம். பாம்பு அளவாவது எதிர்பார்த்தார் போல.

அவள் கழுவி வைத்திருந்த பாட்டிலில் ஸ்பிரிட் ஊற்றி டாக்டர் அதைப் போட்டார். அப்புறம் கை கழுவிக்கொண்டு, "நடங்கள், மாமியார் வீட்டுக்கு" என்றார்.

பெண்ணின் அம்மா வாசலில் உட்கார்ந்து மறுநாளைக்குக் கூடை கழுவிக்கொண்டிருந்தாள். டாக்டரைப் பார்த்து எழுந்தாள். அவர் பாட்டிலையும் பூதக்கண்ணாடியையும் நீட்டி, இதுதான் இரண்டு வாரமாக உங்கள் மாப்பிள்ளை உடம்பில் சுற்றியது, பெரிய வியாதி ஒன்றுமில்லை, ஒருவரிடமிருந்து ஒருவருக்கு வராது, எடுத்தாயிற்று, தீர்ந்தது என்றார். அவள் பூதக்கண்ணாடியை வாங்கவே இல்லை. பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள்.

"இதுக்கா கண்ணாடி?" என்றாள். "டாக்டரே, நான் முப்பது வருசமா மீனு வயித்தக் கிழிக்கறேன். இந்த மாதிரி எத்தினி பாத்திருப்பேன். புழுவா இது. நான் இன்னாவோன்னு பயந்துட்டேன்." பாட்டிலை என் கையில் கொடுத்தாள். அப்புறம்தான் கேட்டாள். "எந்த மீனுல வந்திச்சி?"

"விராலு" என்றேன் நான்.

"விராலா? எங்கப் புட்ச்சது?"

"அத்திப்பட்டாண்ட. குட்டையில."

அவள் முகம் மாறியது. வியாதி என்று சொன்னபோதுகூட அப்படி மாறவில்லை. நைனா பக்கம் திரும்பினாள். "யோவ் டிரைவரே. இதோ கீது கடலு. ஆறு மாசமா எங்கிட்ட சங்கரா வாங்கிகினு போனியே. கடல பக்கத்துல வெச்சிகினு, இந்தப் புள்ளைக்கு சேத்து மீனையா குடுத்த? அதுவும் வேவாம?"

"சவல்ல முப்பது எண்ணித்தான்" என்று ஆரம்பித்தார் நைனா.

"மீன முப்பது எண்ணி எடுக்கறவனுக்கு நான் பொண்ணு குடுக்கறதா" என்று எழுந்தாள். கூடையைத் தூக்கிக் கவிழ்த்து வைத்தாள். "கொழம்பு கொதிச்சி அடங்கறவரைக்கும் மீன்ல கைய வெக்கக் கூடாது. அது தெரியாதவன் என் வூட்டுல எப்படிச் சாப்டுவான்? நாளைக்கி கோயில்ல பாத்துக்கலாம் போங்க."

கதவு சாத்திக்கொண்டது. சாத்துகிறவரைக்கும் எங்களோடு வந்து உள்ளே போயிருந்த அவள் பெண் வாயைப் பொத்திக்கொண்டு நின்றது எனக்குத் தெரிந்தது. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை.

டாக்டர் என் தோளைத் தட்டினார். அவருக்கு நல்ல சந்தோஷம். பாட்டிலை என் கையிலிருந்து திரும்ப வாங்கிக்கொண்டார்.

மூன்றாம் ஓலைக்கு நைனா வருவேன் என்று பிடிவாதம் பிடித்தார். அவர் இந்து. எங்கள் கோயிலுக்குள் அதுவரைக்கும் வந்ததில்லை. உத்தியோகத் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு கடைசி வரிசையில் நின்றார். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. நான் தூணிலிருந்து தள்ளி, கையில் கட்டோடு முழங்காலில் நின்றேன். உடம்பில் எங்கேயும் நமைச்சல் இல்லை. எல்லா நமைச்சலும் நெஞ்சில் இருந்தது.

சாமியார் மூன்றாம் ஓலையைப் படித்தார். என் பேர். அவள் பேர். "இவர்கள் விவாகத்துக்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் இப்போது தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள்."

பெண்கள் பக்கத்தில் அவள் அம்மா எழுந்து நின்றாள்.

எனக்குக் காது அடைத்துப்போயிற்று. சாமியார் அவளைப் பார்த்தார். அவள் வாயைத் திறந்தாளா இல்லையா என்று எனக்கு இன்றுவரைக்கும் தெரியாது. அதற்குள் கடைசி வரிசையிலிருந்து எஞ்சின் ஊதுகிற மாதிரி ஒரு குரல் வந்தது. ரயில்வேயில் பாதை காலியா என்று ஒரு ஸ்டேஷன் கேட்டால் அடுத்த ஸ்டேஷன் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும், சும்மா இருந்தால் வண்டி நகராது. சாமியார் கேள்வி கேட்டு யாரும் பதில் சொல்லாமல் நின்றது நைனாவால் தாங்க முடியவில்லை.

"லைன் கிளியர், சாமி" என்றார். "ஒண்ணும் கெடையாது. ஷோக்கா கீறான்."

கோயில் முழுவதும் திரும்பிப் பார்த்தது. சாமியார் காகிதத்தால் முகத்தை மறைத்துக்கொண்டார். காகிதம் ஆடியது. முதலில் சிரித்தது அவள் அம்மாதான், முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு, நின்ற நிலையில் குலுங்கிக் குலுங்கி. அப்புறம் உட்கார்ந்துவிட்டாள். ஏன் எழுந்தாய் என்று பிற்பாடு ஒருநாள் கேட்டேன். "முட்டி வலி" என்றாள். நான் நம்பவில்லை, ஆனால் மறுபடி கேட்கவும் இல்லை.

புதன்கிழமை கல்யாணம் நடந்தது. டாக்டர் வந்து மூன்று தடவை பிரியாணி கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். என் கையில் நகம் அளவுக்குத் தழும்பு, முழங்கைக்குக் கீழே, இன்னும் இருக்கிறது. நாங்கள் அப்புறமும் அந்தக் குட்டைப் பக்கம் நின்றோம். நைனா சவலில் முட்டை மட்டும்தான் சுட்டார். மீன் பிடித்தால் பச்சையாகவே முழுசாக கார்டுக்கு எறிந்துவிடுவார். "அது வூட்டுப் புழு, அதுக்கே போவட்டும்" என்பார்.

டாக்டர் பிறகு ஊர் மாற்றிப் போனார். பாட்டிலையும் கொண்டுபோனார். போகும்போது, நோட்டில் வட்டங்கள் இருக்கின்றன, ஆனால் உள்ளே இருந்து நீ என்ன உணர்ந்தாய் என்பது அதில் இல்லை, எழுதித் தா என்று கேட்டார். சரி என்றேன். கூச்சத்தில் ஒன்பது வருஷம் போய்விட்டது. நோட்டு மட்டும் எங்களிடம் தங்கிவிட்டது. இப்போது பக்கத்தில் விரித்து வைத்திருக்கிறேன். அவள் போட்ட வட்டங்கள் ஊதா நிறத்தில் அப்படியே இருக்கின்றன.

இன்றைக்குப் பூசை முடிந்து வந்ததும் எழுத உட்கார்ந்தேன். அடுப்பில் சங்கரா மீன் குழம்பு. கொதிக்கிறது, இன்னும் அடங்கவில்லை. அடங்காமல் என்னைச் சாப்பிட விடமாட்டார்கள், மாமியார் வாசற்படியில் காவலுக்கு உட்கார்ந்திருக்கிறாள். அதனால்தான் இவ்வளவு எழுத நேரம் கிடைத்தது.

1958 செப்டம்பர் 14, ஞாயிற்றுக்கிழமை. ராயபுரம்.